முப்பதாயிரம் ரூபாய் யாருக்குக் கிடைக்கிறது?
மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமும் வருமான ஏற்றத்தாழ்வும்: ஓர் எளிய விளக்கம்

2026 ஜனவரி 1 முதல் இலங்கையின் தனியார் துறையில் முழுநேரம் வேலை செய்யும் எவருக்கும் மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் கொடுக்கக் கூடாது. நாட்கூலியாக வேலை செய்தால் 1,200 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதற்கு முன், 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாயும் நாளுக்கு 1,080 ரூபாயும் இருந்தன. அதற்கும் முன் 17,500 ரூபாயும் 700 ரூபாயும். இரண்டு ஆண்டுகூட ஆகாத காலத்தில் சட்டப்புத்தகத்தில் இவ்வளவு பெரிய ஏற்றம் வந்திருக்கிறது.

அப்படியானால் வசதியுள்ளவருக்கும் வசதியற்றவருக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிடுமா? மட்டக்களப்பு நகரத்தில் புடவைக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும், வவுணதீவில் வயல் வேலைக்குப் போகிறவருக்கும், வாவியில் தோணி வலிக்கிறவருக்கும் இந்தச் சட்டத்தால் ஒரே அளவில் பயன் கிடைக்குமா? இந்தக் கட்டுரை அதைத்தான் படிப்படியாகப் பார்க்கிறது.

சட்டம் வந்த வழி

இலங்கையில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஏற்பாடு மலையகத்தில்தான் தொடங்கியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் ஒரு குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தொழில் தொழிலாகச் சபை அமைத்து, முதலாளிமார், தொழிலாளர், அரசு ஆகிய மூன்று தரப்பும் கூடிச் சம்பளத்தை முடிவு செய்வது அதன் முறை. நெல் குற்றும் தொழில், ஆடைத் தயாரிப்பு, கட்டட வேலை, பாதுகாப்புச் சேவை, இறால் வளர்ப்பு என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இப்படிச் சபைகள் உண்டு. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோரின் வேலைநேரம், லீவு, சம்பளம் பற்றி 1954இல் தனிச் சட்டம் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே, எந்தத் தொழிலாக இருந்தாலும் பொருந்தும் ஒரே தளம் 2016 வரை இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க வேலையாட்களின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. அன்று அது மாதம் 10,000 ரூபாய், நாளுக்கு 400 ரூபாய். 2021இல் 12,500 ரூபாயாகவும், 2024இல் 17,500 ரூபாயாகவும், 2025இன் திருத்தத்தால் இப்போதைய தொகைக்கும் வந்திருக்கிறது. சம்பளச் சபையோ வேறு சட்டமோ இதைவிடக் கூடுதலாக விதித்திருந்தால், கூடிய தொகையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வை எப்படி அளக்கிறார்கள்?

நாட்டிலுள்ள வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, ஐந்து சம பங்காகப் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் செய்த வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பின்படி, மேலேயுள்ள ஐந்தில் ஒரு பங்கு வீடுகளின் சராசரி மாத வருமானம் 196,289 ரூபாய். கீழேயுள்ள ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு 17,572 ரூபாய். நாட்டின் மொத்த வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் மேலேயுள்ள அந்த ஒரு பங்கிடம் போகிறது. கீழேயுள்ள பங்குக்கு நூற்றுக்கு ஐந்துகூட வருவதில்லை.

இதையே ஒரே எண்ணில் சொல்வது கினிக் குணகம். எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் அது பூச்சியம். எல்லாம் ஒரே வீட்டுக்குப் போனால் ஒன்று. 2019இல் இலங்கையின் வீட்டு வருமானக் கினி 0.46. இது உயர்ந்த எண்.

மட்டக்களப்பு இந்த வரிசையில் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் நின்றிருக்கிறது. 2016இல் நாடு முழுவதும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு 4.1 பேர். மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 பேர். போர், 2004 சுனாமி, அடிக்கடி வரும் வெள்ளம், தொழிற்சாலைகளின் குறைவு எல்லாம் சேர்ந்த விளைவு இது. வாழைச்சேனைக் காகித ஆலை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. மாதம் முடிந்தால் சம்பளம் என்ற உறுதியைத் தரும் அப்படிப்பட்ட பெரிய தொழில்கள் இந்தப் பக்கம் அதிகம் வளரவில்லை.

சம்பளத் தளம் இடைவெளியைச் சுருக்கும் விதம்

சட்டம் சம்பளத்தை உயர்த்தும்போது முதலில் பயன் பெறுகிறவர் அந்தத் தொகைக்குக் கீழே வாங்கிக்கொண்டிருந்தவர். 22,000 வாங்கியவர் 30,000 வாங்குகிறார். அவருக்கும் 60,000 வாங்கும் மேற்பார்வையாளருக்கும் இருந்த இடைவெளி 38,000இலிருந்து 30,000 ஆகக் குறைகிறது.

இரண்டாவதாக, தளத்துக்குச் சற்று மேலே இருப்பவருக்கும் கொஞ்சம் கூடும். ஐந்து வருடம் வேலை பழகிய பெண் 30,000 வாங்கிக்கொண்டிருந்த இடத்தில், நேற்று வந்த பிள்ளைக்கும் 30,000 என்றால் முதலாளி பழையவருக்கு ஏதாவது கூட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேறு கடை பார்ப்பார்.

மூன்றாவது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு பகுதி முதலாளியின் இலாபத்திலிருந்து வரலாம். ஒரு பகுதி சாமான் விலையில் ஏறலாம். ஆட்கள் அடிக்கடி விட்டுப்போகாமல் நிற்பதால் கொஞ்சம் மிச்சமாகலாம். சில இடங்களில் ஆட்களைக் குறைப்பார்கள். இலாபத்திலிருந்து வந்தால் ஏற்றத்தாழ்வு உண்மையாகவே குறைகிறது. வேலையைப் பறித்து வந்தால் ஒருவருடைய ஏற்றம் இன்னொருவருடைய இழப்பாகிவிடும்.

ஒரு சம்பளச் சிட்டையைப் பார்ப்போம்

நகரத்துக் கடையொன்றில் மாதம் 30,000 ரூபாய்க்கு நிற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு நூற்றுக்கு எட்டு. 2,400 ரூபாய் கழியும். கையில் 27,600. முதலாளி தன் பங்காகச் சேமலாப நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 3,600 ரூபாய் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நூற்றுக்கு மூன்று, 900 ரூபாய். ஆக முதலாளிக்கு அவரால் ஆகும் செலவு 34,500 ரூபாய்.

அந்தப் பெண்ணின் பெயரில் மாதம் 6,000 ரூபாய் சேமலாப நிதியில் சேர வேண்டும். ஒரு வருடத்தில் 72,000 ரூபாய், அதன்மேல் வட்டி. பத்து வருடம் ஒரே கடையில் நின்றவருக்கு இது ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடும் காசு. ஆனால் கையில் கூலியைக் கொடுத்துவிட்டு, பெயர் பதியாமல் விடும் இடங்களில் இந்தப் பணம் முழுவதும் இல்லாமல் போகிறது. சம்பள ஏற்றத்தாழ்வு இன்றைய பணத்தில் மட்டும் தெரிவதில்லை. அறுபது வயதில் யாரிடம் சேமிப்பு இருக்கும், யாரிடம் இருக்காது என்பதையும் இந்தச் சிட்டைதான் தீர்மானிக்கிறது.

அடுத்து வீட்டுச் செலவு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் அதிகாரபூர்வ வறுமைக் கோடு 2025இன் தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு 16,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 64,000 ரூபாய்க்கு மேல். புருசனும் பெண்சாதியும் இருவருமே குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு நாள் விடாமல் வேலை செய்தாலும் கையில் வருவது 55,200 ரூபாய். இரண்டு பிள்ளைகளோடு அந்த வீடு வறுமைக் கோட்டைத் தொடாது. ஒருவர் மட்டும் உழைத்தால் பாதிகூடக் கிடைக்காது.

கூடியது எவ்வளவு, மீண்டது எவ்வளவு?

2021 ஆகஸ்ட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 12,500 ரூபாய் ஆனது. அதன்மேல் வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி என்ற பெயரில் 3,500 ரூபாய் வந்தது. ஆக 16,000. அதற்குப் பிறகு நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. அரிசி, பருப்பு, மா, எரிவாயு, பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. 2021க்கும் 2024க்கும் இடையில் பொது விலை மட்டம் ஏறக்குறைய இரு மடங்கானது.

அந்த மூன்று வருடமும் சட்டத்தின் தொகை 12,500இலேயே நின்றது. 2024 செப்டெம்பரில்தான் 17,500 ஆயிற்று. 2021இல் 16,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானை 2025இல் வாங்க ஏறக்குறைய 30,000 ரூபாய் வேண்டும். ஆகவே 2026இன் 30,000 ரூபாய் தொழிலாளியை ஒரு படி மேலே ஏற்றவில்லை. 2021இல் நின்ற அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. பழைய நிவாரணப்படியும் புதிய தொகைக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

இடையில் போன வருடங்களின் இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை. அந்தக் காலத்தில்தான் பல வீடுகள் நகையை அடகு வைத்தன, நுண்கடன் எடுத்தன, பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்பை நிறுத்தின. அதே காலத்தில் காணியும் கட்டடமும் சரக்கும் வைத்திருந்தவர்களின் சொத்து விலை ஏறியது. விலைவாசி ஏறும்போது சம்பளத் தளம் அசையாமல் நின்றால், அந்தச் சட்டம் இருந்தும் ஏற்றத்தாழ்வு கூடும்.

இந்தியாவில் 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் அடிப்படைக் கூலியோடு பஞ்சப்படி சேர்க்கும் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டு அறிவிப்புகளில் அது நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தது. விலை ஏறியபோது படியும் ஏறியது. நமது சட்டத்தில் தொகை ஒவ்வொரு முறையும் பாராளுமன்றத்தில் திருத்தப்பட வேண்டியிருக்கிறது. அதனால் சம்பளம் உயர்வது அரசியல் காலநிலையைப் பொறுத்ததாகிவிட்டது.

வேலை போய்விடாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. மூன்று பேரை வைத்து ஹாட்வெயார் நடத்தும் சிறு முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 34,500 ரூபாய் பெரிய தொகைதான். கூட்டினால் ஒருவரை நிறுத்திவிடுவார் என்ற பயம் தொழிலாளரிடமும் உண்டு.

உலகத்தில் இதை நீண்ட காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் மணிக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரு பக்கத்திலும் உள்ள துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். சம்பளம் கூடிய பக்கத்தில் வேலைகள் குறையவில்லை. கார்ட்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வகை ஆய்வுகளும் ஒரு காரணம். ஜேர்மனி 2015இல் முதன்முறையாக மணிக்கு 8.50 யூரோ என்று நாடு தழுவிய தளத்தைக் கொண்டுவந்தபோதும் வேலை பெருமளவில் அழியவில்லை. குறைந்த சம்பளம் வாங்கியவர்கள் பலர் நல்ல நிறுவனங்களுக்கு மாறினார்கள்.

காரணம் இதுதான். ஒரு பகுதியில் முதலாளிகள் சிலரே இருந்து, வேலை தேடுவோர் பலராக இருந்தால், சம்பளம் உழைப்பின் பெறுமதிக்குக் கீழேயே நிற்கும். அங்கே சட்டம் சம்பளத்தை உயர்த்தினால் வேலை போகாது; முதலாளி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பங்கு தொழிலாளிக்கு வரும். ஆனால் தளத்தைப் பிரதேசத்தின் வருமானத்துக்கு மிக மேலே தூக்கினால், கடைகள் ஆட்களைக் குறைக்கும், அல்லது பதியாமல் மறைவாகக் கூலிக்கு வைக்கும்.

முதலாளிகள் சிலரே இருந்தால் என்ன நடக்கும் என்பது வாவியின் இரு கரைகளை நினைத்தால் நன்றாக விளங்கும். எழுவான்கரையில் கடற்கரைப் பக்கமாக நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கடைத்தெருக்கள். படுவான்கரையில் வயலும் குளமும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அந்தத் துறையில் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் இக்கரை வர வேண்டியிருந்தது. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வருவதென்றாலும் அப்படித்தான். காலை முதல் பாதையைத் தவறவிட்டால் வேலைக்குப் பிந்திவிடும். மாலை கடைசிப் பாதைக்கு முன் வேலைத்தலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். இப்படி நேரத்தால் கட்டுண்ட ஒரு பெண்ணுக்கு, கிடைத்த ஓரிரு இடங்களில் சொன்ன சம்பளத்தை வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாலம் வந்ததும் பஸ் வந்தது, மோட்டார் சைக்கிள் போனது, வேலை தேடும் பரப்பு விரிந்தது. ஒரு பாலமும் ஒரு மாலை பஸ்ஸும் சம்பளத்தைப் பேசி வாங்கும் பலத்தைக் கொடுக்கின்றன. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தனியே செய்யும் வேலையைப் போக்குவரத்து வசதி இரட்டிப்பாக்கும்.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் வாவிக்கரை

நமது பிரதேசத்துக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டுமே. இலங்கையில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் தொழில்களில் இருக்கிறார்கள். விவசாயத்திலும் மீன்பிடியிலும் இந்தப் பங்கு இன்னும் பெரிது. மட்டக்களப்பு இந்த இரண்டையும் நம்பித்தான் வாழ்கிறது.

வாவியில் வீச்சுவலையோடு விடியற்காலையில் தோணி தள்ளுகிறவருக்கு முதலாளி இல்லை. அவர் பிடித்த நண்டுக்கும் இறாலுக்கும் கரையில் நிற்கும் வியாபாரி விலை சொல்கிறார். வலை வாங்கவோ தோணி திருத்தவோ அதே வியாபாரியிடம் முற்பணம் எடுத்திருந்தால், மீனை வேறு ஆளிடம் கொடுக்க முடியாது; விலையைப் பேசவும் முடியாது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் நண்டின் விலை ஏறினாலும் கரையில் உள்ள விலை அந்த அளவுக்கு ஏறாது. சட்டப்படி அவர் சுயதொழில் செய்பவர். நடைமுறையில் அவர் ஒருவரிடம் கட்டுண்டு வேலை செய்கிறார். முகத்துவாரம் மணல் மூடி மீன்வரத்து குறையும் மாதங்களில் அவருக்கு 1,200 ரூபாய் நாட்கூலியை உறுதிப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்துக் கடல் வள்ளங்களிலும் பங்கு முறைதான். எண்ணெய்ச் செலவு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு போய், மிச்சம்தான் ஆட்களுக்கு. மீன் இல்லாத நாளில் பங்கும் இல்லை.

வயலைப் பார்த்தால், மட்டக்களப்பின் பழைய ஏற்றத்தாழ்வு நிலத்தில்தான் இருந்தது. வட்டை நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒரு பக்கம். அவருடைய வயலைக் காத்துப் பயிர் பார்த்து நெல்லில் பங்கு வாங்கிய முல்லைக்காரர் மறுபக்கம். இன்று நெல்லுக்குப் பதில் காசு வந்திருக்கிறது. ஆண்களின் நாட்கூலி பெரும்பாலும் சட்டத்தின் 1,200 ரூபாய்க்கு மேலேயே போகிறது. அப்படியானால் வயல்கூலிக்காரருக்கு என்ன குறை? நாட்கள்தான் குறை. பெரும்போகத்தில் விதைப்பு, களை, அறுவடை என்று சில வாரங்கள் வேலை. சிறுபோகத்தில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து. முன்பு ஆணும் பெண்ணுமாக நாட்கணக்கில் வெட்டிச் சூடு அடித்த வயலை அறுவடை இயந்திரம் சில மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. நாளுக்கு 2,000 ரூபாய் கிடைத்தாலும் மாதத்தில் பத்து நாள் மட்டும் வேலை என்றால் வருமானம் 20,000தான். சம்பளத் தளம் ஒரு நாளின் விலையைத்தான் காக்கும். எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதைக் காக்காது.

பெண்களின் பக்கம்

குறைந்தபட்சச் சம்பளத்தால் மிகக் கூடிய பயன் பெற வேண்டியவர்கள் பெண்கள். ஏனென்றால் மிகக் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்: கடைப் பிள்ளைகள், தையல் நிலையங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், சுத்திகரிப்பு வேலை செய்பவர்கள். ஏறாவூர், புன்னைக்குடாப் பக்கம் ஆடைத் தொழில் வளரும்போது இந்தச் சட்டத்தின் பெறுமதி இன்னும் கூடும். தொழிற்சாலையில் பெயர் பதியும், சம்பளச் சிட்டை வரும், சேமலாப நிதி கட்டப்படும். அங்கே தளத்தை உயர்த்தினால் அது உண்மையாகவே கைக்கு வந்து சேரும். ஆனால் ஆணுக்குச் சமமான கூலி எளிதில் வரவில்லை. இலங்கையில் தோட்டத்துப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி 1984இல்தான் கிடைத்தது. வயல்வேலையில் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் முடியவில்லை.

வீட்டு வேலை செய்கிறவர்களை 2016இன் சட்டம் வெளியே விட்டுவிட்டது. இந்தப் பிரதேசத்தில் போரில் புருசனை இழந்த பெண்கள், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு நகரத்து வீடுகளில் சமையலும் சுத்தமும்தான் தொழில். வேறு பலர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். சொந்த நாட்டின் சட்டமே வீட்டு வேலையை வேலையாகக் கணக்கெடுக்காதது பெரிய அநியாயம். தமிழ்நாட்டில் 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தார்கள். அமுல்படுத்துவது கடினம் என்றாலும், அது வேலை, அதற்கு ஒரு விலை உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்டது.

தளத்தை வெளியே உள்ளவருக்கும் கொண்டுபோன நாடுகள்

பிரேசில் இதில் கவனிக்க வேண்டிய நாடு. 1996க்கும் 2018க்கும் இடையில் அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தின் உண்மைப் பெறுமதி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சம்பள ஏற்றத்தாழ்வு அக்காலத்தில் நன்கு குறைந்தது. அதில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நிக்லாஸ் எங்பொம், கிறிஸ்டியன் மோசர் ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. ஆனால் பிரேசில் அத்தோடு நிற்கவில்லை. 1988இன் அரசியலமைப்பு முதியோர் ஓய்வூதியம் ஒரு குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்றது. சிறு விவசாயிகளும் சிறு மீனவர்களும் அதற்குள் வந்தார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காகப் பிடிப்பு தடைசெய்யப்படும் மாதங்களில் சிறு மீனவருக்கு மாதம் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கும் திட்டமும் அங்கே இருக்கிறது. சம்பளமே வாங்காத மீனவர் வீட்டுக்கும் அந்தத் தொகை போய்ச் சேர்கிறது.

இந்தியாவின் வழி வேறு. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு கிராமத்து வீட்டுக்கு வருடத்தில் நூறு நாள் வேலையை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அந்த நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலை இருந்ததால், பருவமில்லாத காலத்திலும் தனியார் வயலில் கூலி ஏறியது. வேறு ஒரு வேலை கையில் இருக்கும்போது குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இலங்கையில் விவசாயிகளுக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. ஆனால் தொகை மிகச் சிறியது. அது குறைந்தபட்சச் சம்பளத்தோடு கட்டப்படவும் இல்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது

குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும். அதைப் பலவீனமான கருவி என்று ஒதுக்குவது சரியல்ல. கடையிலும் தொழிற்சாலையிலும் நிற்கும் பெண்ணுக்கு அதைவிட நேரடியான உதவி வேறில்லை. ஆனால் அது சம்பளம் வாங்குவோருக்கு இடையிலான இடைவெளியைத்தான் சுருக்கும். சம்பளமே இல்லாதவருக்கும் சொத்து உள்ளவருக்கும் இடையிலான இடைவெளியைச் சுருக்க, அதோடு நான்கு காரியங்கள் சேர வேண்டும்.

முதலாவது, தொகையை விலைச் சுட்டெண்ணோடு கட்டி வருடந்தோறும் தானாகத் திருத்த வேண்டும். மூன்று வருடம் உறைய விட்டுப் பிறகு பெரிதாகத் தூக்குவது தொழிலாளிக்கும் நட்டம். ஒரேயடியாகச் சுமை ஏறும் சிறு முதலாளிக்கும் நட்டம்.

இரண்டாவது, வீட்டு வேலையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, பிடிப்பு இல்லாத மாதங்களிலும் வயல்வேலை இல்லாத மாதங்களிலும் வருமானத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். குளக்கட்டு, வாய்க்கால், கண்டல் நடுகை, முகத்துவாரப் பராமரிப்பு என்று வாவிக்கரையில் செய்ய வேண்டிய பொதுவேலை ஏராளம். அவற்றைக் குறைந்தபட்ச நாட்கூலிக்கு உள்ளூர் ஆட்களைக் கொண்டு செய்தால் அந்த 1,200 ரூபாய் முதன்முறையாகப் படுவான்கரைக்கும் ஒரு தளமாகும். மீனவர் சங்கங்கள் தாங்களே குளிர்களஞ்சியம் வைத்து, வியாபாரியின் முற்பணத்துக்குப் பதிலாகக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தால் கரையில் விலை பேசும் பலம் மாறும்.

நான்காவது, சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்கள் வேண்டும். தொழில் திணைக்களத்தின் அதிகாரிகள் தமிழில் முறைப்பாடு எடுக்கவும், கடைத்தெருவுக்கும் தையல் நிலையங்களுக்கும் நேரில் போகவும் வசதி செய்ய வேண்டும்.

வாசகர் கையில் இருப்பது

வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். மாதம் முடிய சம்பளச் சிட்டை கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 30,000க்குக் குறைந்திருந்தாலோ, ஊழியர் சேமலாப நிதி கழித்திருந்தும் கணக்கில் சேராமல் இருந்தாலோ மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். சிட்டை கொடுக்காத இடமென்றால், வேலைக்குப் போன நாட்களையும் வாங்கிய தொகையையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள், அதுவும் ஆதாரம்தான். தனியாகப் போகத் தயங்கினால் ஒரே வேலைத்தலத்தில் உள்ள நாலு பேர் சேர்ந்து போகலாம். தொழிற்சங்கம் வைப்பது சட்டம் தந்த உரிமை.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. சட்டப்படி கொடுக்கிற கடைக்காரர், கொடுக்காதவரோடு விலையில் போட்டி போட முடியாமல் நொந்துபோகிறார். எல்லோரும் ஒரே தளத்தில் நின்றால் நேர்மையாகக் கொடுப்பவர் தோற்கமாட்டார். அந்தச் சம்பளம் ஊரிலேயே செலவாகும். காத்தான்குடிப் புடவைக்கடைக்கும் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் அதுதான் திரும்பி வரும் வியாபாரம். வாவியின் இரு கரையிலும் உழைப்பவர் கையில் காசு நின்றால்தான் இந்தப் பிரதேசத்தின் பொருளாதாரம் நிமிரும். சட்டம் போட்ட தொகையைக் கேட்டு வாங்குவதும், அது இன்னும் போய்ச் சேராதவர்களுக்காகக் குரல் கொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாகங்கள்.